குளிசை ஏறிய நேரமே அளவுகோல்: பார்க்கின்சனுக்கான ஆழ்மூளைத் தூண்டல் பற்றி

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு மகளின் கேள்வி. அப்பாவுக்கு வயது 62. பார்க்கின்சன் தொடங்கி 9 வருடம். லெவோடோபா குளிசை ஒரு நாளைக்கு 6 தடவை. குளிசை ஏறினால் வயல் வரம்பில் தனியாக நடப்பார், இறங்கினால் கட்டிலில் புரண்டு படுக்கவும் ஆள் வேணும். நடுவில் கை, தோள், கழுத்து எல்லாம் தானாக நெளியும். கிளினிக்கில் "மூளைக்குள் வயர் வைக்கிற ஒப்பரேஷனைப் பற்றி யோசிக்கலாம்" என்றிருக்கிறார்கள். சுவிஸில் உள்ள சித்தப்பா காசு அனுப்புகிறேன் என்கிறார். ஊரில் உள்ளவர்களோ "அது கடைசிக் கட்டத்துக்குத்தான், இப்ப ஏன் தலையில கை வைக்கணும்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அந்த ஒப்பரேஷனின் பெயர் ஆழ்மூளைத் தூண்டல்: மூளைக்குள் வைத்த கம்பி வழியாக ஒரு கருவி தொடர்ந்து மெல்லிய மின்தூண்டல் கொடுக்கும். கடைசிக் கட்டத்துக்கு என்பது பழைய கதை. அதை நம்பிக் காத்திருப்பவர் சிகிச்சைக்கான தகுதியையே இழந்துவிடலாம். காசு கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம் ஆகாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குளிசை நன்றாக ஏறியிருக்கும் அந்த நல்ல மணித்தியாலத்தில் அப்பாவால் என்னென்ன செய்ய முடிகிறது? கருவி செய்வது அந்த நல்ல மணித்தியாலத்தை நாள் முழுக்க நீட்டிக் கொடுப்பது. அதைவிட நல்ல நிலைக்கு அது ஆளைக் கொண்டுபோகாது. விதிவிலக்கு நடுக்கம் மட்டும்தான். குளிசைக்கு அடங்காத நடுக்கமும் மின்தூண்டலுக்கு அடங்குவதுண்டு.

ஏன் அப்படி என்று விளங்கினால் மற்ற எல்லாம் விளங்கும். பார்க்கின்சனில், உடம்பின் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் படிப்படியாக அழிகின்றன. ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் கலங்கள் லெவோடோபாவை வாங்கி, டோபமினாக மாற்றிச் சேமித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதனால் 3 வேளைக் குளிசை போதும். சேமிக்கும் கலங்கள் குறைந்துபோனால் இரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவது அப்படியே உடம்பில் தெரியத் தொடங்கும். உச்சத்தில் உடம்பு நெளியும், அடியில் இறுகிவிடும். குளிசையின் பலம் குறையவில்லை, சீராக நிற்கும் தன்மைதான் போய்விட்டது. மின்தூண்டல் தருவது அந்தச் சீரை. இரவு பகல் என்று பாராமல் ஒரே அளவில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

கருவியில் மூன்று பாகங்கள். மூளைக்குள் போகும் மின்முனைக் கம்பி ஒன்று. பரவலாகப் பயன்பட்ட ஒரு வகையின் தடிப்பு 1.27 மில்லிமீற்றர், அதன் நுனியில் 1.5 மில்லிமீற்றர் நீளமான 4 தொடுமுனைகள். அதிலிருந்து காதுக்குப் பின்னால், கழுத்துத் தோலுக்கு அடியால் இறங்கும் இணைப்பு வயர் இரண்டாவது. காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் பற்றரிப் பெட்டி மூன்றாவது. பெரும்பாலும் மூளையின் இரண்டு பக்கமும் கம்பி வைப்பார்கள். வழக்கமான தொடக்க அமைப்பு செக்கனுக்கு 130 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோ செக்கன். பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1987 இல் நடுக்கத்துக்காக மூளையின் ஆழத்தில் உள்ள தலமஸ் பகுதியில் இதைத் தொடங்கினார். 1993 இல் அதே குழு அதற்குக் கீழே உள்ள சப்தலமிக் கரு என்ற சிறு பகுதியில் வைத்தது. பார்க்கின்சன் சிகிச்சையின் போக்கு அங்கேதான் மாறியது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை நிறுவனம் 1997 இல் நடுக்கத்துக்கும், 2002 இல் முற்றிய பார்க்கின்சனுக்கும் அனுமதி கொடுத்தது. "முற்றிய" என்ற அந்தச் சொல்தான் ஊர் ஊராகக் "கடைசிக் கட்டம்" என்று பரவியிருக்க வேண்டும்.

நிபுணர்கள் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லும்போது, அந்த ஒருமித்த கருத்து எப்படி உருவாகிறது என்பதையும் தெரிந்திருப்பது நல்லது. சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்துச் செய்யும் ஆய்வுகள் எல்லாக் கேள்விக்கும் பதில் தருவதில்லை. 72 வயதுக்காரருக்குச் செய்யலாமா, லேசான ஞாபகமறதி இருந்தால் என்ன, எத்தனை மாதம் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று முடிவு கட்டுவது என்பவை அனுபவத்தால் தீர்க்க வேண்டியவை. அதற்கு டெல்பி என்ற முறை உண்டு. ஒவ்வொரு நிபுணரிடமும் தனித்தனியாக ஒரு கூற்றுத் தொகுதியைக் கொடுத்து மதிப்பெண் கேட்பார்கள். யார் என்ன போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது. சுற்று முடிந்ததும் மொத்த முடிவைக் காட்டி மறுபடி மதிப்பிடச் சொல்வார்கள். முன்கூட்டியே தீர்மானித்த விகிதத்துக்கு மேல் ஒத்துவந்தால்தான் அது ஒருமித்த கருத்து. சபையில் உரத்துப் பேசும் பெரிய டொக்டரின் அபிப்பிராயம் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த மறைப்பு. எல்லாக் குழுவும் இந்த முறையில் போவதில்லை. கூடிப் பேசி அறிக்கை எழுதுபவர்களும் உண்டு.

2011 இல் ஆழ்மூளைத் தூண்டல் பற்றி நிபுணர் குழு ஒன்று வெளியிட்ட ஒருமித்த அறிக்கையின் சாரம் இன்றும் நிற்கிறது. மருந்தால் சமாளிக்க முடியாத ஏற்ற இறக்கம், அடங்காத நடுக்கம், தாங்க முடியாத மருந்துப் பக்கவிளைவு ஆகியவற்றில் ஒன்று இருந்து, குறிப்பிடத்தக்க அறிவாற்றல் குறைவோ மனநோயோ இல்லாதவரே பொருத்தமானவர். சத்திரசிகிச்சையைப் பல துறையினர் சேர்ந்த குழுவில் வேலை செய்யும், இந்த நுட்பத்தில் தேர்ந்த நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் செய்ய வேண்டும். அமைப்புகளைச் சரிக்கட்டி முழுப் பலனைக் காண 3 முதல் 6 மாதம் எடுக்கலாம். அதிகம் பதிவாகும் சிக்கல் கிருமித்தொற்று. இவற்றில் எங்கள் பக்கத்து மக்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது அந்த 3 முதல் 6 மாதத்தைத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலம் பற்றிய கருத்து எப்படி முன்னுக்கு வந்தது? 2006 இல் 156 பேரை வைத்து ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் செய்த ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மின்தூண்டல் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் தெளிவாக உயர்ந்தது. 2009 இல் வந்த 255 பேரின் அமெரிக்க ஆய்வில், தொந்தரவான நெளிவு இல்லாத நல்ல நேரம் நாளுக்குச் சராசரி 4.6 மணித்தியாலம் கூடியது. மருந்துப் பிரிவில் அது அசையவே இல்லை. 2013 இல் 251 பேருடன் நடந்த ஜேர்மன்-பிரெஞ்சு ஆய்வு கேள்வியையே மாற்றிக் கேட்டது. ஏற்ற இறக்கம் தொடங்கி 3 வருடத்துக்கு உட்பட்டவர்களுக்கு, 60 வயதுக்கு முன்பே செய்தால் என்ன? இரண்டு வருடத்தில் அவர்களின் வாழ்க்கைத்தர மதிப்பெண் 26 வீதம் மேம்பட்டது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1 வீதம் குறைந்தது. 2016 இல் அமெரிக்க அனுமதியும் தளர்ந்தது: நோய் 4 வருடமாவது இருந்து, குளிசை சரியாகக் கட்டுப்படுத்தாத இயக்கச் சிக்கல் 4 மாதமாவது இருந்தால் போதும்.

ஆனால் அந்த 2013 ஆய்வைக் காட்டி எல்லோருக்கும் சீக்கிரம் செய்யுங்கள் என்று விளம்பரம் செய்வது சரியில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் லெவோடோபாவுக்கு 50 வீதத்துக்கு மேல் பலன் காட்டியவர்கள், சராசரி வயது 52. நல்ல பயிரை மட்டும் தெரிந்து நட்ட வயல் அது. ஏற்ற இறக்கமே இல்லாத, 3 வேளைக் குளிசையில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இதை யாரும் பரிந்துரைப்பதில்லை.

எப்போது சிறப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு டெல்பி முறையில் வந்த ஒரு எளிய கணக்கு 5-2-1. நாளுக்கு 5 தடவை அல்லது அதற்கு மேல் லெவோடோபா, 2 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் இறங்கிய நிலை, 1 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் தொந்தரவான நெளிவு. மூன்றில் ஒன்று இருந்தாலே மேலதிக சிகிச்சை பற்றிப் பேச்சைத் தொடங்கலாம். உங்கள் அப்பா 6 தடவை எடுக்கிறார், நெளிவும் இருக்கிறது. கிளினிக்கில் சொன்னது காலத்துக்கு முந்திய பேச்சு அல்ல. அதே நேரம் 5-2-1 சொல்வது "பேசுங்கள்" என்று மட்டும்தான், "வெட்டுங்கள்" என்றல்ல.

தகுதியைத் தீர்மானிக்கும் பரிசோதனைக்கு லெவோடோபாச் சோதனை என்று பெயர். முதல் நாள் இரவோடு குளிசையை நிறுத்தி, கிட்டத்தட்ட 12 மணித்தியாலம் மருந்தில்லாமல் காலையில் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். விரலைத் தட்டச் சொல்வார்கள், கையைப் பொத்தி விரிக்கச் சொல்வார்கள், மணிக்கட்டை மடக்கி இறுக்கம் பார்ப்பார்கள், கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பச் சொல்வார்கள், நடந்து திரும்பச் சொல்வார்கள், பின்னால் நின்று தோளை இழுத்துச் சமநிலை பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி; புதிய அளவுகோலில் மொத்தம் 132, கூடினால் மோசம். பிறகு வழக்கமான காலை அளவின் 120 முதல் 150 வீதம் வரை கொடுப்பார்கள். காலையில் 150 மில்லிகிராம் எடுப்பவருக்கு அது 180 இலிருந்து 225 வரை வரும். முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் கழித்து, நன்றாக ஏறியதும் அதே சோதனை திரும்ப. மருந்தில்லாமல் 48, மருந்தோடு 20 என்றால் 28 புள்ளி குறைந்திருக்கிறது, அதாவது 58 வீதம். 30 வீதத்தைத் தாண்டுவது வழக்கமான குறைந்தபட்ச எல்லை.

மொத்த வீதத்தோடு நின்றுவிடக் கூடாது. எந்தெந்த வரி குறைந்தது என்று கேளுங்கள். நல்ல நேரத்திலும் கால் நிலத்தில் ஒட்டிக்கொள்கிறதா? நல்ல நேரத்திலும் பின்னால் விழுகிறாரா? பேச்சு நல்ல நேரத்திலும் குழறுகிறதா? அப்படியானால் அவை ஒப்பரேஷனுக்குப் பிறகும் இருக்கும், பேச்சு இன்னும் கொஞ்சம் மங்கவும் கூடும். மலச்சிக்கல், எழும்பும்போது பிரசர் விழுவது, மறதி ஆகியவையும் இதனால் மாறுவதில்லை. வீட்டார் எதிர்பார்ப்பது "திரும்ப முந்தி மாதிரி" என்றால், இந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகுதான் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இந்தச் சோதனையை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடம்பு இறுகி, கடும் காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரக்கூடும்.

நோயறிதல் சரிதானா என்பதும் இங்கேதான் தெரியும். பார்க்கின்சன் போலவே தொடங்கும் வேறு நோய்கள் சில உண்டு. முதல் வருடங்களிலேயே அடிக்கடி விழுவது, கண்ணைக் கீழே இறக்கிப் பார்க்க முடியாமல் போவது, ஆரம்பத்திலேயே சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போவது, லெவோடோபாவுக்குப் பெரிதாக அசையாமல் இருப்பது அவற்றின் அடையாளம். அவற்றுக்கு மின்தூண்டல் பயன் தராது. பழைய விதிகள் நோய் தொடங்கி 5 வருடம் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள் வேறு நோயாக இருந்தால் முகத்தைக் காட்டிவிடும். இன்னொன்று, தலைச்சுற்றுக்கென்று வருடக்கணக்காக எடுக்கும் சின்னரிசின், புளூனரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை தாங்களாகவே பார்க்கின்சன் மாதிரி இறுக்கத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும், இருக்கும் நோயையும் கூட்டும். பாமசியில் வாங்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நாட்டு வைத்தியத்தில் பூனைக்காலி விதைத் தூள் எடுத்தால் அதையும் சேர்த்து. அந்த விதையில் லெவோடோபாவே இருக்கிறது. சொல்லாமல் எடுத்தால் அளவுக் கணக்கு எல்லாம் பிழைக்கும்.

ஞாபகசக்தி, சிந்தனைத் திறன் சோதனையில் ஒரு விடயத்தை வலியுறுத்திக் கேளுங்கள்: அது தமிழில் நடக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்கள் சொல்வது, கேட்ட சொற்களை 5 நிமிடம் கழித்துத் திரும்பச் சொல்வது போன்றவை அதில் உண்டு. களுவாஞ்சிகுடி விவசாயிக்கு ஆங்கிலத்திலோ அரைகுறைச் சிங்களத்திலோ இதைச் செய்தால், மொழி தெரியாத குறையை அறிவுக் குறைவாக எழுதிவிடுவார்கள். சென்னையில் செய்தாலும் எங்கள் பேச்சு அவர்களுக்குச் சிலவேளை பிடிபடாது. கூட ஒருவர் இருப்பது நல்லது. மனச்சோர்வையும் மறைக்க வேண்டாம். முன்பு மனச்சோர்வு வந்திருந்தால் அது முதலில் சரியாக வேண்டும்.

வயதுக்குக் கறாரான எல்லை இல்லை. 70, 75 தாண்டும்போது இரத்தக்கசிவும் குழப்பநிலையும் கூடுகின்றன என்பதால் நிலையங்கள் தயங்குகின்றன. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் தொற்றும். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் எப்போது நிறுத்துவது என்பதை இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சைக் குழுவும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

எந்த இடத்தில் வைப்பது என்பதில் இன்னும் ஒரே குரல் இல்லை. மூளையின் ஆழத்தில் உள்ள சப்தலமிக் கரு, குளோபஸ் பலிடஸ் உட்பகுதி என்ற இரண்டு இடங்களில் வைப்பதும் இயக்கத்தைச் சம அளவில் சீராக்குகின்றன என்பதை 299 பேரின் 2010 ஆய்வு காட்டியது. முதலாவதில் குளிசையை அதிகம் குறைக்கலாம், பலவேளை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. இரண்டாவது நெளிவை நேரடியாகவே அடக்கும். மனநிலை, சிந்தனைப் பக்கம் கொஞ்சம் மென்மையானது என்பது பலரின் கருத்து. எனது அபிப்பிராயம், நீங்கள் இடத்தைத் தெரிவு செய்யப் போக வேண்டாம். "ஏன் இந்த இடம்?" என்று கேளுங்கள். அப்பாவின் சொந்த விபரங்களை வைத்துப் பதில் வந்தால் நல்ல குழு. "நாங்கள் எல்லோருக்கும் இங்கேதான் வைப்போம்" என்றால் இன்னொரு இடத்திலும் அபிப்பிராயம் எடுங்கள்.

ஒப்பரேஷன் பற்றிச் சுருக்கமாக. தலையில் சட்டகம் பூட்டி ஸ்கான் எடுத்து, இலக்கை மில்லிமீற்றர் கணக்கில் குறித்து, மண்டையோட்டில் சிறு துளை போட்டுக் கம்பியை இறக்குவார்கள். சில இடங்களில் ஆள் விழித்திருக்கவே கலங்களின் மின்னொலியைப் பதிவு செய்து, கையை அசைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். சில இடங்களில் முழு மயக்கத்தில் ஸ்கான் வழிகாட்டலோடு செய்வார்கள். தேர்ந்த கையில் இரண்டும் ஏற்கத்தக்கவை. பற்றரியை அதே நாளிலோ சில நாள் கழித்தோ நெஞ்சில் வைப்பார்கள்.

ஆபத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மூளைக்குள் இரத்தக்கசிவு அரிது, நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில். ஆனால் வந்தால் பாரிசவாதமோ மரணமோ ஆகலாம். மேலே சொன்ன 2006 ஆய்வில் சத்திரசிகிச்சைப் பிரிவில் ஒருவர் இரத்தக்கசிவால் இறந்தார். பாரதூரமான சிக்கல்கள் 13 வீதம், மருந்துப் பிரிவில் 4 வீதம். கிருமித்தொற்று இரத்தக்கசிவைவிட அதிகம். நெஞ்சிலோ காதுக்குப் பின்னாலோ சிவந்து, கசிந்து, தோல் மெலிந்து வயர் தெரிந்தால் பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடித்துப் பார்க்காதீர்கள், அன்றே காட்டுங்கள். தாமதித்தால் முழுத் தொகுதியையும் கழற்ற வேண்டி வரும்.

இனி அந்த 3 முதல் 6 மாதம். ஒப்பரேஷன் முடிந்த கையோடு சிலர் அதிசயமாக நன்றாக நடப்பார்கள், கருவியைப் போடாமலேயே. கம்பி போன வழியில் ஏற்பட்ட சிறு காயமும் வீக்கமும் தரும் தற்காலிக விளைவு அது. சில வாரத்தில் மறையும். அப்போது "பழுதாகிவிட்டது" என்று வீட்டார் பயப்படுவார்கள். பழுதில்லை. வீக்கம் வற்றட்டும் என்றுதான் முதல் அமைப்பைப் பலர் 2 முதல் 4 வாரம் கழித்து வைக்கிறார்கள்.

அந்த நாள் காலையில் குளிசை இல்லாமல் போக வேண்டும். ஒவ்வொரு தொடுமுனையாக, மின்னோட்டத்தைப் பூச்சியத்தில் இருந்து அரை மில்லி அம்பியர் அளவான படிகளில் ஏற்றுவார்கள். கண் வைத்திருப்பது மணிக்கட்டின் இறுக்கத்தில். அது அரை நிமிடத்துக்குள்ளேயே தளரும், ஆள் கூட்டிக் குறைத்து நடிக்கவும் முடியாது. நடையின் பலன் தெரிய மணித்தியாலங்கள், நாட்கள் எடுக்கும். ஏற்றிக்கொண்டே போகும்போது வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ பேச்சு குழறினாலோ மின்சாரம் பக்கத்து இயக்க நரம்புப் பாதையைத் தொடுகிறது என்று பொருள். கை, முகத்தில் விறுவிறுப்பு நின்றுபோகாமல் இருந்தால் உணர்வுப் பாதையைத் தொடுகிறது. ஒரு கண் விலகி இரட்டையாகத் தெரிந்தால் கண்ணுக்குப் போகும் நரம்பை. பலன் தொடங்கும் அளவுக்கும் பக்கவிளைவு தொடங்கும் அளவுக்கும் நடுவில் எந்தத் தொடுமுனையில் இடைவெளி அதிகமோ அதைத்தான் தெரிவு செய்வார்கள். சப்தலமிக் கருவில் தூண்டும்போது நெளிவு வந்தால் பயப்பட வேண்டாம், கம்பி நல்ல இடத்தில் இருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். ஆனால் அந்த நெளிவு சிலவேளை வீட்டுக்குப் போய் ஒரு நாள் கழித்துத்தான் வரும். ஆகவேதான் ஒரே நாளில் உச்சத்துக்கு ஏற்றாமல், வாரக்கணக்கில் விட்டு விட்டு ஏற்றிக்கொண்டே குளிசையைக் குறைப்பார்கள்.

இந்தக் குறைப்பில் அவசரப்பட்டால் வேறொரு கோலம் வரும். ஆள் நன்றாக நடப்பார். ஆனால் ஒன்றிலும் பிடிப்பிருக்காது, கூப்பிட்டால்தான் வருவார், பேரப்பிள்ளை வந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். மருந்து அதிகமாகக் குறைந்ததால் வரும் அக்கறையின்மை இது. சோம்பல் என்று ஏசாமல் குழுவுக்குச் சொல்லுங்கள், மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் பலருக்குத் திரும்பும். மறுபுறம் திடீரென அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு, ஆத்திரம் வந்தாலும் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகவே கேட்க வேண்டும் என்பதை நிபுணர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். கேட்பதால் எண்ணம் வராது.

மட்டக்களப்பில், அம்பாறையில் இருக்கும் குடும்பத்துக்கு உண்மையான கணக்கு இங்கேதான் இருக்கிறது. கிழக்கில் இருந்து விசாரிப்பவர்கள் கொழும்பைப் பார்க்கிறார்கள், அல்லது தென்னிந்தியாவை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும் பெங்களூர் நிம்ஹான்ஸும் இதில் நீண்ட அனுபவமுள்ள பொது நிறுவனங்கள். எங்கே செய்தாலும், காசு கட்ட முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: முதல் 6 மாதத்தில் எத்தனை தடவை வர வேண்டும்? அமைப்பை மாற்றுவது யார், வைத்தியரா கொம்பனி ஆளா? நான் இலங்கைக்குத் திரும்பிய பிறகு அதே கொம்பனியின் அமைப்புக் கருவி கொழும்பில் யாரிடம் இருக்கிறது? ஒரு கொம்பனியின் பெட்டியில் உள்ள அமைப்பை இன்னொரு கொம்பனியின் அமைப்புக் கருவியால் மாற்ற முடியாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வைத்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் விமானம் ஏற வேண்டி வரும். தூரத்தில் இருந்து இணையம் வழியாக அமைப்பை மாற்றும் வசதி சில மாதிரிகளில் உண்டு. இலங்கையில் அதைத் திறந்து தருவார்களா என்று கேளுங்கள். சித்தப்பா தரும் காசு ஒப்பரேஷனுக்கு மட்டும் சரியாக வந்து, அதற்குப் பிறகான பயணங்களுக்கும் பற்றரிக்கும் ஒன்றும் மிஞ்சாது என்றால், இப்போதைக்குத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது எனது உறுதியான கருத்து.

பற்றரி இரண்டு வகை. சார்ஜ் செய்யாதது அமைப்பைப் பொறுத்து பெரும்பாலும் 3 முதல் 5 வருடம் ஓடும். முடிந்தால் பெட்டியை மாற்றும் சிறு சத்திரசிகிச்சை, புதிய பெட்டிக்கான செலவு. சார்ஜ் செய்வது 15 வருட அளவுக்குப் போகும். ஆனால் வீட்டில் ஒருவர் தவறாமல் சார்ஜரை நெஞ்சில் வைத்து ஏற்ற வேண்டும். மாரியில் மின்சாரம் நாட்கணக்கில் போகும் ஊர்களில், வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் முழுதாக ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் போல வெள்ளத்தில் பாதை அறுபடும் இடமென்றால் குளிசையும் 2 வாரத்துக்கு மேலதிகமாகக் கையில் இருக்கட்டும். பற்றரி திடீரென நின்றுபோய், வருடக்கணக்காகக் குறைந்த குளிசையில் இருந்தவர் சில மணித்தியாலத்திலேயே மரக்கட்டை போல இறுகி, விழுங்கவும் முடியாமல் போகலாம். அது அவசர நிலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனை அஷ்ரப் வைத்தியசாலையோ எது கிட்டவோ அங்கே போய், கருவி நின்றுவிட்டது, மூக்குக் குழாய் வழியாக லெவோடோபா தேவைப்படலாம் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிகளில் கருவியுள்ளவரை அடிக்கடி காணாதவர்கள் தெரியாமல் செய்யக்கூடிய தவறுகளையும் நீங்கள்தான் தடுக்க வேண்டும். பிசியோதெரபியில் தோள் வலிக்குக் கொடுக்கும் டயதெர்மி என்ற சூட்டுச் சிகிச்சை உடம்பின் எந்தப் பகுதிக்கும் கூடாது. அதன் சக்தி கம்பி வழியாக மூளைக்குள் போய் நிரந்தரச் சேதமும் மரணமும் உண்டாக்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் கருவி அட்டையைக் காட்டி, அந்த மாதிரிக்கான நிபந்தனைகளை உறுதிசெய்த பிறகுதான். வேறு ஒப்பரேஷன் என்றால் இருமுனை வகைச் சூட்டுக்கருவி பாவிக்கச் சொல்ல வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் ஊசி வேண்டாம். குழப்பத்துக்கு ஹலோபெரிடோல் வேண்டாம். வாட்டில் குளிசை நேரம் அவர்களின் சுற்றுக்கு ஏற்ப மாறிவிடும். அப்பாவின் 6 நேரங்களையும் எழுதி பெட் ஹெட் டிக்கெட்டில் (வாட்டில் நோயாளியின் விபரம் எழுதும் தாளில்) குத்தச் சொல்லுங்கள். இவை கருவி இல்லாத பார்க்கின்சன்காரருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கிளினிக்குக்கு அடுத்த தடவை போக முன் 3 நாளுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள். ஒரு கொப்பித் தாளில் அரை மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம்: நித்திரை, இறங்கிய நிலை, நல்ல நிலை, தொந்தரவான நெளிவோடு நல்ல நிலை. குளிசை எடுத்த நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் ஓரத்தில் குறியுங்கள். நல்ல நிலையிலும் இறங்கிய நிலையிலும் அப்பா எழும்பி, நடந்து, திரும்புவதை அரை அரை நிமிடம் ரெலிபோனில் வீடியோ எடுங்கள். அதுவே ஒரு கிளினிக் கதிரையில் 5 நிமிடத்தில் சொல்ல முடியாததைக் காட்டிவிடும்.

அந்தக் கட்டங்களைப் பார்த்தால் சிலவேளை கத்தி இல்லாமலே கொஞ்சம் சரியாகும் இடம் தெரியும். மத்தியானக் குளிசையை மீன் குழம்புச் சோற்றோடும் தயிரோடும் சேர்த்து எடுத்தால் புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு, மருந்து ஏறாமலே போகும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குளிசையைச் சில மணித்தியாலம் தள்ளி வையுங்கள். அளவைச் சிறிதாக்கி நேரத்தை நெருக்குவது, லெவோடோபாவின் பலனை நீட்டும் என்டகபோன் சேர்ப்பது, நெளிவுக்கு அமன்டடீன் என்ற மருந்து என்று வைத்தியரிடம் இன்னும் சில வழிகள் உண்டு. அவற்றை ஒழுங்காகப் பார்த்த பிறகும் கட்டங்கள் மாறவில்லை என்றால்தான் மருந்தால் சமாளிக்க முடியாதது என்ற சொல் பொருந்தும்.

சோதனைகள் முடிந்து குழு வேண்டாம் என்று சொன்னால் அதோடு கதவு மூடிவிடாது. டோபமினைப் போல வேலை செய்யும் அபோமோர்பின் மருந்தைத் தோலுக்கு அடியில் செலுத்தும் பம்ப், குடலுக்குள் நேரடியாக லெவோடோபாக் களி செலுத்தும் பம்ப் என்பவை உலகில் பாவனையில் உள்ளன. கிடைப்பதும் செலவும்தான் கேள்வி. அடிக்கடி பயணம் செய்து அமைப்பு மாற்ற முடியாத, நோய் ஒரு பக்கத்தில் மேலோங்கிய சிலருக்கு, மூளையின் அந்த இலக்குப் புள்ளியைச் சூட்டால் அழிக்கும் பழைய சத்திரசிகிச்சையும் ஒரு மாற்று. பொருத்தமான சிலருக்கு அதையும் யோசிக்கலாம் என்று அந்த 2011 அறிக்கையே சொல்கிறது. அதில் பற்றரி இல்லை, வயர் இல்லை, தொடர் செலவு இல்லை. செய்ததைத் திரும்ப மாற்றவும் முடியாது. அப்பாவுக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, ஒரு பக்கம் மேலோங்கியிருக்கிறதா என்பதையும் நாட்குறிப்பின் மேல் வரியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.